கோஸ் டப்பாவும் கேஸ் நாத்தமும்



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, நம்ம மாடியில் இருக்கிற மூன்று வகுப்பையும் வரிசையாக மைதானத்தில் இறக்கி நிற்க வைத்தார்களே, ஞாபகம் இருக்கா? "மிஸ், கேஸ் நாத்தம் அடிக்குது" என்று முதலில் கத்தியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நாத்தம் எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். என் சாப்பாட்டு டப்பாவிலிருந்துதான்.

அம்மா அன்றைக்கு முட்டைக்கோஸ் கூட்டு செய்திருந்தாள். அவசரத்தில் கோஸையும் பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டுவிட்டு, சுடச்சுட எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடிக் கொடுத்துவிட்டாள். காலை ஏழரைக்கு மூடிய டப்பா. பன்னிரண்டேகாலுக்கு, பசி தாங்காமல் நான்தான் மேசைக்கு அடியில் வைத்து மெதுவாகத் திறந்தேன். அவ்வளவுதான். பின் பெஞ்சு வரைக்கும் போய்விட்டது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் எனக்குப் பெயர் 'கேஸ் கம்பெனி'. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்தினவள் மேல் பயங்கரக் கோபம். நம்ம வேதியியல் மிஸ் என்னைக் கூப்பிட்டு, "அவ கத்தினது தப்பே இல்ல. கோஸுக்கும் கேஸுக்கும் ஏன் ஒரே மாதிரி வாசனை வருதுன்னு கண்டுபிடிச்சு எழுதிட்டு வா, சுவர்ல ஒட்டலாம்" என்றார். அதுதான் இது. கொஞ்சம் நீளம். நின்றுகொண்டே படிப்பவர்கள் கால் மாற்றிக்கொள்ளவும்.

முதலில் அவள் கத்தினது ஏன் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நடுராத்திரியில் கண் எரிச்சலோடு எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டில் ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த ராத்திரி எங்க ஆயா செருப்புகூடப் போடாமல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறாள். அதே மாதம்தான் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. அப்புறம் நம்ம ஏரியாவில் யாருக்குத்தான் மூக்கு சும்மா இருக்கும்? "இன்னாமோ நாத்தம் அடிக்குதே" என்று ஒருத்தர் சொன்னால் பத்துப் பேர் ஜன்னலை எட்டிப் பார்ப்பது எங்க தெருவில் தினசரி நடப்பது. கத்தினவளைப் பார்த்துச் சிரித்தால், அடுத்த தடவை நிஜமாகவே ஏதாவது கசியும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சரி, கோஸுக்கு வருவோம்.

வீட்டில் போய் நாலு கடுகை எடுங்கள். முழுசாக வாயில் போட்டு நாக்கில் வைத்திருங்கள். ஒன்றும் தெரியாது. மோந்து பார்த்தாலும் வாசனை இல்லை. இப்போது பல்லால் நன்றாகக் கடித்து, எச்சிலோடு சேர்த்து மெல்லுங்கள். முதலில் லேசான கசப்பு. சில நொடி கழித்துச் சுருக்கென்று ஒரு காரம் எழுந்து மூக்குக்கு ஏறும். அந்தக் காரம் கடுகுக்குள் முன்னாடியே இருந்ததா? இல்லை! நீங்கள் கடித்தபோது உங்கள் வாயில் உருவானது. இதுதான் கதையின் மையம்.

கடுகு, முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகள் குளுக்கோசினோலேட் என்று ஒரு வகைப் பொருளைத் தயாரித்து வைத்திருக்கின்றன. இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடுகில் இருக்கும் ஒரு வகை சினிக்ரின். முட்டைக்கோஸிலும் சினிக்ரின் உண்டு. மூலக்கூறைப் பார்த்தால் ஒரு குளுக்கோஸ், அதோடு ஒட்டிய ஒரு கந்தக அணு, இன்னொரு பக்கம் ஒரு சல்பேட் தொகுதி. குளுக்கோஸ் ஒட்டியிருக்கிற வரை இது சாது. வாசனை கிடையாது, ஆவியாகாது.

அதே செடியில், ஆனால் வேறு அறையில், மைரோசினேஸ் என்ற நொதி இருக்கிறது. இதன் வேலை ஒன்றே ஒன்று. அந்தக் குளுக்கோஸை வெட்டி எடுப்பது. வெட்டியவுடன் மிச்சம் இருக்கிற துண்டு நிலையாக நிற்க முடியாமல் தனக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டு, சல்பேட்டைத் தள்ளிவிட்டு, ஐசோதயோசயனேட் என்ற காரமான, ஆவியாகிற பொருளாக மாறிவிடும். சினிக்ரினிலிருந்து வருவது அல்லைல் ஐசோதயோசயனேட். கடுகு அரைக்கும்போது அம்மா கண்ணில் தண்ணீர் வரவைப்பது இதுதான்.

இரண்டும் ஒரே செடியில் இருந்தும் ஏன் எப்போதும் கலப்பதில்லை? எங்க நைனா கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். சில சரக்குப் பெட்டிகளின் மேல் சாய்சதுரமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், எண்ணோடு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டியை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று முடிவு செய்வார்களாம். அமிலமும் அதோடு சேர்ந்தால் பொங்குகிற சரக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்காது. முட்டைக்கோஸ் இலையும் அப்படித்தான் யார்டு நடத்துகிறது. குளுக்கோசினோலேட் சில செல்களில், மைரோசினேஸ் வேறு செல்களில். நடுவில் சுவர். புழு கடித்தாலோ, அரிவாள்மனை வெட்டினாலோ, அம்மியில் நசுங்கினாலோ சுவர் உடைகிறது. சரக்கு இரண்டும் சேர்கிறது. சேதமே நடக்காத வரைக்கும் செடிக்கும் ஆபத்தில்லை. விஞ்ஞானிகள் இதற்கு 'கடுகெண்ணெய் வெடிகுண்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடுகில் இந்த நொதி இருப்பதை 1840-இல் பிரெஞ்சு வேதியியலாளர் புஸ்ஸி கண்டறிந்தார். சினிக்ரினின் அமைப்பை 1897-இல் கடாமர் என்பவர் எழுதினார். தப்பு! அதை 1956-இல்தான் எட்லிங்கரும் லுண்டீனும் திருத்தினார்கள். கிட்டத்தட்ட 60 வருடம் உலகமே தப்பான விடையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. (நமக்கு அரை மார்க் குறைந்தால் மட்டும்...)

இதைப் படித்த பிறகு எனக்கு எங்கள் வீட்டுச் சமையலே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தாளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயா எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கடுகு போடுவாள். "கடுகு வெடிக்கலன்னா கொழம்பு கசக்கும் பாப்பா" என்பாள். நொதி ஒரு புரதம். 60, 70 டிகிரிக்கு மேல் போனாலே படிப்படியாகச் செத்துவிடும். காய்ந்த எண்ணெய் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூடு. கடுகு முழுசாக இருக்கும்போதே உள்ளே இருக்கிற மைரோசினேஸ் வெந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ஓட்டை வெடிக்கிறது. சுவர் உடைந்தாலும் வெட்டுவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் தாளித்த கடுகில் காரம் இல்லாமல் வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு மணம்.

எதிர் வீட்டில் தெலுங்கு பேசும் பெத்தம்மா இருக்கிறார். வடசென்னையில் எந்தத் தெருவில்தான் இல்லை! வெயில் காலம் வந்தால் அவர் ஆவக்காய் போடுவார். அங்கே கடுகைப் பச்சையாகப் பொடித்து, மாங்காய்த் துண்டு, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெயோடு கலக்கிறார். வறுப்பதில்லை, கொதிக்க விடுவதில்லை. மாங்காயிலிருந்து சாறு இறங்க இறங்க நொதிக்குத் தேவையான தண்ணீர் கிடைக்கிறது, காரம் பிறக்கிறது. "இன்னைக்குத் தின்னாதடி, மூணு நாள் போகட்டும்" என்று ஜாடியைத் துணி கட்டி வைப்பார். மாங்காய்ப் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அதே புளிப்பு, உண்டான காரம் சீக்கிரம் போய்விடாமலும் காப்பாற்றும். ஒரே கடுகு, எங்க வீட்டில் எண்ணெயில் விழுந்து சாதுவாகிறது, எதிர் வீட்டில் ஜாடிக்குள் மூக்கைக் குத்துகிறது.

மிளகாய்க் காரத்துக்கும் கடுகுக் காரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என் தம்பி கேட்டான். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் ஆவியாகாது. நாக்கிலேயே உட்கார்ந்து எரிக்கும். கடுகுக் காரம் ஆவியாகி மூக்குக்கு ஏறி, ஒரு நிமிஷத்தில் காணாமல் போகும். உடம்பில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பிகள். மிளகாய்க்கான ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவன் அடுத்துக் கேட்டது, "கடுகு வாயு குண்டு கடுகுலதான் செஞ்சாங்களா?" இல்லை. 1917-இல் முதல் உலகப் போரில் போட்ட அந்த விஷத்துக்குக் கடுகு மாதிரி வாசனை அடித்ததால் அந்தப் பெயர். அதிலும் கந்தகம் இருக்கிறது, அவ்வளவுதான் உறவு.

செடி இவ்வளவு ஏற்பாடு செய்தும் பூச்சி சும்மா இருக்கிறதா? கோஸ் விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் புழுவின் வயிற்றில் வேறொரு நொதி இருக்கிறது. அது முந்திக்கொண்டு குளுக்கோசினோலேட்டின் சல்பேட்டைக் கத்தரித்துவிடும். அப்புறம் மைரோசினேஸால் அதை அடையாளம் காண முடியாது. குண்டு வெடிக்காது. 2002-இல்தான் இது தெரிய வந்தது. கோஸில் வரும் ஒரு வகை அசுவினி இன்னும் மோசம். செடியிலிருந்து குளுக்கோசினோலேட்டை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு, சொந்தமாக ஒரு மைரோசினேஸையும் வைத்துக்கொள்கிறது. யாராவது அதைத் தின்ன வந்தால் குண்டு அங்கே வெடிக்கும். திருடின சரக்கை வைத்தே காவல்!

எனக்கு அதிக ஆச்சரியம் தந்தது வேறு. இந்த வித்தை கோஸ் குடும்பத்தோடு நிற்கவில்லை. நம்ம தெருவில் வீட்டுக்கு ஒன்று நிற்கிற முருங்கையும் இதே பெரிய வரிசையைச் சேர்ந்ததுதான். முருங்கை வேரை நசுக்கினால் கடுகு நெடி வரும். வெள்ளைக்காரர்கள் அவர்கள் ஊர்க் காரக் கிழங்குக்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவிச் சாப்பிட்டிருக்கிறார்கள். (நீங்கள் செய்ய வேண்டாம், வேரில் வேறு நச்சுப் பொருளும் இருக்கிறது.) பப்பாளியும் இந்தக் கூட்டம்தான். பழத்தைத் தின்றுவிட்டு ஒரே ஒரு கறுப்பு விதையைக் கடித்துப் பாருங்கள், கடுகு மாதிரியே இருக்கும். மசூதி வாசலில் விற்கும் மிஸ்வாக் குச்சியை மென்றால் வரும் உறைப்பும் இதேதான். அது உகாய் மரம். தண்டவாளம் ஓரம் மஞ்சள் பூவோடு முளைக்கிற நாய்க்கடுகும் இந்த வரிசைதான். அதற்கு 'கடுகு' என்று பெயர் வைத்தவர்களுக்கு எந்த ஆய்வகமும் இல்லை.

இப்போது என் டப்பா. அது கடுகு நெடி அடிக்கவில்லையே, கேஸ் நாத்தம்தானே அடித்தது?

இங்கே இரண்டு விஷயம் சேர்கிறது. குக்கரில் வெந்ததும் மைரோசினேஸ் செத்துவிட்டது. காரம் வர வழியில்லை. ஆனால் கோஸில் கந்தகம் உள்ள இன்னொரு பொருளும் நிறைய இருக்கிறது. ஒரு அமினோ அமிலத்தின் உறவு. அதிக நேரம் வேகும்போது அதுவும், மிச்சமிருக்கும் குளுக்கோசினோலேட்டுகளும் சூட்டிலேயே சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன், டைமெத்தில் டைசல்பைடு மாதிரியான வாயுக்களும் ஆவிகளும் வரும். முதலாவது அழுகின முட்டை நாத்தம். பக்கிங்காம் கால்வாய்ச் சேற்றைக் கிளறினாலும் இதுதான் வரும். திறந்த சட்டியில் கொஞ்ச நேரம் வதக்கினால் உண்டாவதும் குறைவு, உண்டானதும் பறந்துவிடும். குக்கரில் நாலு விசில் விட்டுச் சூடாக மூடி ஐந்து மணி நேரம் வைத்தால்? எல்லாம் டப்பாவுக்குள்ளேயே.

இனி சிலிண்டர். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கொஞ்சூண்டு கலக்கிறார்கள். கோஸில் வருவது மெத்தில், சிலிண்டரில் இருப்பது எத்தில். ஒரு கார்பன்தான் வித்தியாசம்! 'அழுகின முட்டைக்கோஸ் வாசனை' என்றுதான் அதைப் பாதுகாப்புப் புத்தகங்களிலேயே எழுதுகிறார்கள். நம்ம மூக்குக்கு இந்த மெர்காப்டன்கள் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும். காற்றில் எரிவாயு ஏறக்குறைய 2 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே வாசனை தெரிந்தாக வேண்டும் என்பது கணக்கு.

வாசனை சேர்ப்பது கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18, அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தின் நியூ லண்டன் என்ற ஊர். பள்ளிக்கு வந்த இயற்கை எரிவாயுவில் வாசனை எதுவும் கலக்கவில்லை. கட்டடத்துக்குக் கீழே கசிந்து சேர்ந்துகொண்டே இருந்தது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. பள்ளி முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அதன் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது. அந்தப் பள்ளியில் 'மிஸ், நாத்தம் அடிக்குது' என்று கத்துவதற்கு ஒரு நாத்தம் இல்லை. இதைப் படித்த அன்றைக்குத்தான் கத்தினவளிடம் போய் நானே பேசினேன். அவளும் "சாரிடி, உன் கோஸுன்னு தெரியாது" என்றாள். பாதிக் கூட்டு அவளுக்குத்தான் போகிறது இப்போது.

எனவே வாசனை வந்தால் அது கோஸா கேஸா என்று நின்று ஆராய்ச்சி செய்யாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், வாசனை போய்விட்ட மாதிரி தோன்றும், வாயு போயிருக்காது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு படரும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும். அமோனியா வேறு மாதிரி. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், மூத்திர நெடி அடிக்கும். அது தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். எங்க ஆயா இப்போதெல்லாம் தலைமாட்டில் ஒரு துண்டும் ஒரு சொம்புத் தண்ணியும் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இன்னொன்று. அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை. "கோஸ் தொடவே கூடாது" என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1928-இல் அமெரிக்காவில் கோஸையே முக்கிய உணவாகத் தின்ற முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்தது. கோஸில் இருக்கும் ஒரு வகைக் குளுக்கோசினோலேட், நொதி வெட்டினதும் காய்ட்ரின் என்ற பொருளாக மாறித் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கும். ஆனால் வெந்த கோஸில் நொதி செத்துவிடுகிறது. நாம் முயல் மாதிரி மூணு வேளையும் தின்பதில்லை. அயோடின் உப்பு போடுகிறோம். அளவாக வேகவைத்துச் சாப்பிட்டால் பொதுவாகப் பயமில்லை என்றுதான் படித்தேன். அம்மாவை அவருடைய டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். அவரும், "வேகவெச்சு வாரத்துல ரெண்டு நாள் சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டார். பச்சைக் கோஸ் ஜூஸ்தான் வேண்டாமாம். யார் குடிக்கப் போகிறார்கள் அதை!

கடைசியாக, நீங்களே பார்க்க ஒரு சோதனை. மூன்று டம்ளரில் ஒவ்வொரு கரண்டி புதிதாகப் பொடித்த கடுகு. முதலாவதில் பச்சைத் தண்ணீர், இரண்டாவதில் கொதிக்கிற வெந்நீர், மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு கலந்த பச்சைத் தண்ணீர். பத்து நிமிஷம் கழித்து மோந்து பார்க்க வேண்டும், மூக்கை உள்ளே விடாமல், கையால் விசிறி. முதலாவது தூக்கி அடிக்கும். இரண்டாவது ஊமை. மூன்றாவது மெதுவாகத்தான் வரும். வெந்நீர் டம்ளர் ஆறின பிறகு அதில் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடி போட்டால் என்ன ஆகும் என்று எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேதியியல் ஆய்வகத்தில் மிஸ் முன்னாலேயே செய்து காட்டுகிறேன். ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருக்கும். நாத்தம் வந்தால் யாரும் மைதானத்துக்கு ஓட வேண்டாம், அது நான்தான்.

— 'கேஸ் கம்பெனி', 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு